நடுவில் கோடு கிழித்தவர்

அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய ஆள்காட்டி விரல்தான். அதை நாக்கில் தொட்டு நனைத்து டைரியின் பக்கத்தைப் புரட்டுவார். வெற்றுப் பக்கம் வந்ததும் சட்டைப் பையிலிருந்து ஆறு அங்குல ஸ்கேலை எடுத்து, நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு கிழிப்பார். இன்றைக்கும் யாராவது விரலை எச்சில் பண்ணிக்கொண்டு காகிதம் புரட்டினால் எனக்குச் சோறு இறங்காது.

என் மனைவி வசந்தியின் அண்ணன் அவர். எனக்கு மச்சான். அவர் பெயரை எழுதப் போவதில்லை. மரியாதைக்காக என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம், எழுதக் கை கூசுகிறது.

ஒரு பெரிய கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அங்கே ஆணி வாங்குவதாக இருந்தாலும் 'கம்பேரட்டிவ் ஸ்டேட்மென்ட்' என்று ஒன்று போட வேண்டுமாம். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவன் சரக்கு, அந்தப் பக்கம் இன்னொருவன் சரக்கு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு நல்லது கெட்டது. எந்தப் பக்கம் நம்பர் அதிகமோ அந்தப் பக்கம் ஆர்டர். ரிட்டயர் ஆனவர்கள் வாட்சும் பொன்னாடையும் கொண்டுவருவார்கள். இவர் அந்தக் கோட்டையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"ரெண்டையும் வெச்சுப் பாப்போம் மாப்ள" என்பார். பூ வாங்கினாலும் அதுதான், பேரனுக்குப் பள்ளிக்கூடம் பார்த்தாலும் அதுதான். பாண்டி பஜாரில் இரண்டு பூக்காரம்மாக்களிடம் ஆளுக்கு ஒரு முழம் வாங்கி, இரண்டையும் மாறி மாறி மூக்கில் வைத்து இழுத்துவிட்டு, இரண்டில் ஒன்றைத் திருப்பிக் கொடுப்பார். மூக்கு பட்ட பூவை அந்த அம்மா என்ன செய்வாள் என்று அவர் யோசித்ததே இல்லை. ரங்கநாதன் தெருவில் மிக்சர் கடைக்குக் கடை ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டு போவார். அவர் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருக்கிறேன்.

கஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். விலை அவருக்கு ஒரு பொருட்டே இல்லை, பல தடவை விலை கூடியதைத்தான் எடுப்பார். அவர் எடுத்தது சோடை போனதும் இல்லை. எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் அவர் பார்த்துக் கொடுத்ததுதான், பதினான்கு வருடமாக ஓடுகிறது. கோட்டூர்புரத்தில் நாங்கள் இருக்கும் இந்த ஹவுசிங் போர்டு ஃப்ளாட்டையும் அவர்தான் இன்னொன்றோடு வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். மழை வெள்ளத்தில் அந்த இன்னொன்றின் கீழ்த்தளத்துக்குள் அடையாற்றுத் தண்ணீர் புகுந்தது, எங்கள் படிக்கட்டோடு நின்றுவிட்டது. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் சீலிங் ஃபேன் மாட்டுவதாக இருந்தாலும் அவரைக் கேட்காமல் யாரும் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. நான் போட்டதே இல்லை. யோசிக்கிற வேலையை ஒருவர் எடுத்துக்கொண்டால் மிச்சமிருப்பவர்களுக்கு எவ்வளவு சுகம் தெரியுமா?

நான் தி. நகரில் ஒரு ஜவுளிக் கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் நிற்கிறவன். ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது, அவர்களால்தான் எனக்குச் சம்பளம். ஆனால் அதில் இரண்டு ஜாதி உண்டு. ஒருத்தி நாற்பது புடவை விரிக்கச் சொன்னாலும் அவள் கண் எதையோ தேடிக்கொண்டிருக்கும், கிடைத்ததும் முகம் மலரும். இன்னொருத்திக்குப் புடவையே வேண்டாம். முன்னால் புடவை குவிய வேண்டும், நான்கு பேர் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். என் மச்சான் இரண்டாவது ஜாதி என்று எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். தெரிந்தும் மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

வசந்திக்கு என்னைவிட முன்னாலேயே தெரியும். மச்சான் தன் மகனுக்குப் பெண் பார்த்தபோது ஒரே நாளில் இரண்டு வீடு வைத்துக்கொண்டார். காலையில் மேற்கு மாம்பலம், சாயங்காலம் அடையாறு. இரண்டாவது வீட்டில் பஜ்ஜித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பெண்ணின் அப்பா எதிரிலேயே, காலையில் பார்த்த இடத்தில் வாழைக்காயை இன்னும் மெல்லிசாகச் சீவியிருந்தார்கள் என்றார். அந்த மனிதர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தன் கால் விரலைப் பார்த்தார். வசந்தி எழுந்து உள்ளே போய் அந்தப் பெண்ணிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம் சொன்னாள்: "எங்கண்ணனுக்கு எதுவும் வேணும்னு இல்லீங்க. ரெண்டு பேரு எதிர்ல நின்னுக்கினே இருக்கணும். அவ்ளோதான்."

அதைவிடக் கேவலம் என் மாமனார் செத்த அன்று. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் அவர் வீடு. கத்திரி வெயில். ஃப்ரீசர் பெட்டிக்கு மச்சான் இரண்டு இடத்தில் சொல்லியிருந்தார். இரண்டு வண்டிகளும் வந்து சந்தில் எதிரெதிராக நின்றன. இவர் கண்ணாடி மூடியைத் தட்டிப் பார்த்தார், மோட்டார் சத்தத்தைக் காது வைத்துக் கேட்டார், உள்ளே கைவிட்டுக் குளிர் பார்த்தார். உள்ளே பெஞ்சில் கிடந்த பெரியவர் வாய்மேல் ஈ உட்கார உட்கார வசந்தி தினத்தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்தாள். வாடை வர ஆரம்பித்த பிறகுதான் ஒரு பெட்டி உள்ளே வந்தது. இதில் கண்ணாடி தெளிவாக இருக்கிறது, வருகிறவர்களுக்கு முகம் நன்றாகத் தெரியும் என்று எல்லோரிடமும் சொன்னார். ஆமாம் மச்சான், நல்லா தெரியுது என்று சொன்னவன் நான்தான்.

இதையெல்லாம் முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. யாரைக் கூப்பிடுகிறேன் என்று தெரியாமல் நான் அன்றைக்கு அவரைக் கூப்பிடவில்லை.

வசந்தி வீட்டில் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். ஆறாவதிலிருந்து எட்டாவது வரை. சாயங்காலம் ஆனால் எங்கள் கூடத்தில் பதினைந்து பிள்ளைகளின் செருப்பு கிடக்கும், அவள் காதில் ஒரு சிவப்புப் பேனா செருகியிருக்கும். நல்ல வாய். மூன்றாவது மாடியிலிருந்து கூப்பிட்டால் கீழே ஆட்டோ நிற்கும்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு அவள் கையிலிருந்து டீ டம்ளர் நழுவியது. எடுக்கக் குனிந்தவள் வலது கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கை மரத்துப் போச்சு, வேறு ஒன்றுமில்லை என்றாள். சொல்லும்போது வாய் ஒரு பக்கம் லேசாகக் கோணியது, நாக்கு கொஞ்சம் தடித்தது. அவளே நடந்து படி இறங்கினாள். ஆட்டோவில் ஏற்றித் தேனாம்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஒன்பதரை மணிக்குள் ஸ்கேன் எல்லாம் முடிந்துவிட்டது. அதுவரைக்கும் நான் செய்தது எல்லாம் சரி.

டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நின்றபடியே சொன்னார்கள். ஸ்ட்ரோக் லேசானதுதான், ஆனால் அடைத்திருப்பது மூளைக்குப் போகிற பெரிய ரத்தக் குழாய். பாதிப்பு பலமாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு அடைப்பை எடுத்துவிடுவார்கள். இப்படி லேசாக இருக்கும்போதுதான் டாக்டர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. எடுக்கப் போய் ரத்தக் கசிவு ஏற்படலாம். எடுக்காமல், கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டு ஐசியூவில் பக்கத்திலேயே இருந்து பார்த்தால் அப்படியே தேறிவிடலாம், திடீரென்று மோசமாகவும் ஆகலாம். ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, அதில் இரண்டு மணி நேரம் ஏற்கெனவே போய்விட்டது.

"ரெண்டுக்குமே நியாயம் இருக்கு சார். ஆனா எதுன்னு இப்பவே முடிவு பண்ணணும். நேரம் போகப் போக ரெண்டுலயும் பலன் குறையும்" என்றார்கள்.

ஒளிவுமறைவு இல்லாத பேச்சு. வேறு யாராவது ஒருவர் 'இதைத்தான் செய்ய வேண்டும்' என்று அடித்துச் சொல்லியிருந்தால் நான் தலையாட்டியிருப்பேன். இரண்டு என்று காதில் விழுந்ததும் என் கை தானாகப் போனை எடுத்தது. மச்சான் வரட்டும் டாக்டர், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்றேன். நீங்கள்தானே ஹஸ்பண்ட் என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

பத்து மணிக்கு வந்தார். சலவைச் சட்டை, நெற்றியில் விபூதி, கையில் டைரி. டாக்டரம்மாவை மறுபடி முதலிலிருந்து சொல்ல வைத்தார். வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்தார், விரலை நக்கினார், பக்கம் புரட்டினார், கோடு கிழித்தார். பிறகு போன். பழைய ஆபீஸ்காரர் ஒருவரின் மகன் டாக்டர், அவருக்கு ஸ்கேன் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அடையாறில் இன்னொரு ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய டாக்டர், அவர் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறாராம், வந்ததும் கூப்பிடுவாராம். ஒவ்வொரு போனுக்கும் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வரி, அந்தப் பக்கம் ஒரு வரி ஏறியது. குரலில் ஒரு தெம்பு, நடையில் ஒரு மிடுக்கு. ரிட்டயர் ஆன பிறகு அவரை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

பத்தரை மணிக்கு டாக்டரம்மா இரண்டாவது தடவை வந்தார்கள். பேஷன்ட் தெளிவாக இருக்கிறார், அவருடைய விருப்பம்தான் முக்கியம், உள்ளே வந்து பேசுங்கள் என்று என்னிடம் சொன்னார்கள்.

போனேன். வசந்தி கட்டிலில் சாய்ந்திருந்தாள். இடது கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"யாரையும் கேக்காதீங்க" என்றாள். வார்த்தை கொழகொழவென்று வந்தது, ஆனால் ஒவ்வொன்றும் புரிந்தது. "எடுத்துடச் சொல்லுங்க. கொழாய் அடச்சிக்கினு கீது. எடுக்காம இன்னா பண்றது?"

அண்ணன் பார்த்துக்கொண்டிருக்கிறார், நீ பயப்படாதே என்றேன். அவள் சட்டையை விடவில்லை. நான்தான் விரல்களைப் பிரித்துவிட்டு வெளியே வந்தேன்.

வெளியே வந்து மச்சானிடம், வசந்தி எடுத்துடச் சொல்கிறாள் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, சரி என்றார். டைரியில் ஏதோ எழுதினார். அவர் எழுதியதைப் பார்த்ததும் என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவரிடம் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினொன்றே கால் இருக்கும், எழுந்து போய் இரண்டு காபி வாங்கிவந்தார். ஒன்று மாடி கேன்டீன் காபி, இன்னொன்று வெளியே டீக்கடைக் காபி. இரண்டிலும் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, வெளிக்கடைதான் தேவலை என்று டீக்கடைக் கப்பை என்னிடம் நீட்டினார். அவர் எச்சில் பட்ட காபி. கதவுக்கு அந்தப் பக்கம் என் பெண்டாட்டி கிடக்கிறாள். நான் அதை வாங்கிக் குடித்தேன். எங்கே போய்ச் சொல்ல?

டாக்டரம்மா மூன்றாவது தடவை வந்தபோது, இந்த வேலையை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கேட்டு மச்சான் பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. "சார், நான் டெண்டர் போட வரல" என்றவர்கள், என் பக்கம் திரும்பினார்கள். "நீங்க சொல்லுங்க சார். நீங்கதான் சொல்லணும்."

நான் மச்சானைப் பார்த்தேன். அடையார்லேர்ந்து ஒரு போன் வந்துடட்டும் என்று அவர் சொன்னார். நானும் டாக்டரம்மாவிடம் அதையே சொன்னேன்.

பன்னிரண்டு அடிக்கக் கால் மணி இருக்கும்போது நர்ஸ் ஓடிவந்தாள். வலது பக்கம் முழுசாக விழுந்துவிட்டது, பேச்சு நின்றுவிட்டது. இப்போது ஒப்பிட ஒன்றுமில்லை. சம்மதப் படிவத்தை நீட்டினார்கள், எந்த இடம் என்றுகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். முப்பது வருடக் கல்யாணத்தில் அவரைக் கேட்காமல் நான் போட்ட முதல் கையெழுத்து அதுதான்.

அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போன பிறகு அடையாறு டாக்டர் கூப்பிட்டார். மச்சான் அந்தப் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரமாகப் போனார். இனி அது எதற்கு என்று எவனும் வைத்துவிடுவான். அவர் வைக்கவில்லை. கேட்க வேண்டிய எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டு, டைரியின் அடுத்த பக்கத்தில் எழுதிக்கொண்டு, நன்றி சொல்லி வைத்தார்.

அடைப்பை எடுத்துவிட்டார்கள். அதற்குள் மூளையில் போனது போனதுதான். வசந்தி பிழைத்துக்கொண்டாள். வலது கை வரவில்லை, கால் இழுத்து இழுத்து வந்தது, பேச்சு ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் வழி தேடி நின்றது. டியூஷன் பிள்ளைகள் ஒரு மாதம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், பிறகு வேறு டீச்சரிடம் சேர்ந்துகொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

டிஸ்சார்ஜ் அன்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். காலையிலேயே எடுத்திருந்தால் நன்றாக இருந்திருப்பாளா? அவர்கள் கையிலிருந்த ஃபைலை மூடினார்கள்.

"உறுதியா சொல்ல முடியாது சார். நல்லா இருந்திருக்கலாம். எடுக்கும்போதே வேற ஏதாவது ஆகியிருக்கவும் கூடும். ஊசிலயே சரியாகியிருக்கலாம். ஆனா ரெண்டுல ஏதாவது ஒண்ணை நாம பண்ணியிருக்கணும்."

மச்சான் பக்கத்தில் நின்று கேட்டார். உறுதியாகச் சொல்ல முடியாது என்ற முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, சொந்தக்காரர் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். டாக்டரே சொல்லிவிட்டார்கள் என்பார். கல்யாண வீட்டிலும் சொன்னார், காரிய வீட்டிலும் சொன்னார். வாயில் வெற்றிலையைப் போட்டு அதக்குவது மாதிரி அந்த வரியைப் போட்டு அதக்கிக்கொண்டே திரிந்தார்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். அதே டைரி. பிசியோதெரபிக்கு இரண்டு இடம் பார்த்திருக்கிறாராம். வசந்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், வலது கை மடியில் கிடந்தது. அவளிடமும் அந்த வரியைச் சொன்னார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். தான் அன்றைக்கு எவ்வளவு பாடுபட்டார் என்று காட்ட விரலை நக்கிப் பக்கங்களைப் புரட்டி, அந்தச் செவ்வாய்க்கிழமையின் பக்கத்தை விரித்து அவள் மடியில் வைத்தார். செத்துப்போன கையின் மேல் வைத்தார்.

முத்து முத்தான கையெழுத்து. இடது பக்கம், குழாய் விட்டு எடுப்பது. வலது பக்கம், மருந்து. இடது பக்கத்தில் நான்காவதாக 'மெஷின் புதுசு' என்று இருந்தது. அதே பக்கத்தில் ஏழாவதாக, கடைசி வரியாக, 'வசந்தி விருப்பம்' என்று இருந்தது.

"பாரு, உன் பேச்ச நான் உடல. எழுதிகீறேன்" என்றார். அவர் முகத்தில் ஒரு பெருமை. "அதுக்கு முன்னாடி ஆறுக்கு ஏழு. மருந்துன்னு சொல்லிடலாம்னுதான் இருந்தேன். மாப்ள வந்து நீ எடுக்கச் சொல்றன்னாரா, ஏழுக்கு ஏழு ஆயிட்ச்சி. சமமா நின்னா அடையார் டாக்டர கேக்காம எப்டி?"

அவள் சொல்லாமல் இருந்திருந்தால் பத்தரை மணிக்கே ஊசியாவது போட்டிருப்பார்கள். அவள் உயிரைப் பற்றி அவள் சொன்ன வார்த்தை, புது மெஷினுக்குச் சமமாக ஒரு நம்பர் வாங்கிக்கொண்டு, அவளையே ஒன்றேகால் மணி நேரம் காக்க வைத்துவிட்டது. டைரியை எடுத்து அவர் கையில் திணித்து, கிளம்புங்க மச்சான் என்றேன். அவரோடு சேர்ந்து பழகிய இத்தனை வருடத்தில் நான் குரல் உயர்த்திப் பேசியது அப்போதுதான். வாசல் வரை போனவர் திரும்பி, பிசியோதெரபிக்கு எந்த இடம் என்று கேட்டார். கதவைச் சாத்தினேன்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. கோயம்புத்தூரில் மகன் வீட்டோடு போய்விட்டதாகக் கேள்வி.

கதவைச் சாத்திவிட்டு வந்து வசந்தியின் எதிரில் உட்கார்ந்தேன். ஒருவழியாக ஆம்பிளையாக ஒரு காரியம் செய்துவிட்டதாக நினைப்பு. உன் அண்ணன் மனுஷனே இல்லை, நீ சொன்னதைக் கொண்டுபோய் என்ன பண்ணி வைத்திருக்கிறான் பார் என்று படபடவென்று பேசிக்கொண்டிருந்தேன். அவள் சாத்திய கதவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வார்த்தை வருவதற்கு அவளுக்கு நேரம் ஆயிற்று. நான் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

"அண்ணன்கிட்ட... சொல்லல" என்றாள். "உங்ககிட்ட... தான்... சொன்னேன்."